தண்டுவடத்தின் கடைமடை

பதினாறு கோடி ரூபாய் ஊசி என்ற செய்தி 2021இல் தமிழ்நாடு முழுக்க அடிபட்டது. நாமக்கல், தஞ்சாவூர்க் குழந்தைகளுக்காக முன்பின் தெரியாதவர்கள்கூடப் பணம் அனுப்பினார்கள். அவர்களுக்கு வந்த ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்ற நோயின் பெயரே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. திரண்ட தொகையைப் பேசிய அளவுக்கு, இந்த நோய் வரக்கூடிய வாய்ப்பை ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே அறியலாம் என்பதை யாரும் பேசவில்லை.

மேட்டூர் நிரம்பினாலும் கடைசி வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் காயும். இங்கும் மூளையில் குறையில்லை. குழந்தை சிரிக்கும், முகம் பார்த்துப் பேசும். மடிவது தண்டுவடத்திலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணு. அது பிழைக்க வேண்டிய புரதத்தை எஸ்எம்என்1 மரபணு தருகிறது. 1995இல் பாரிஸில் ஜூடித் மெல்கியின் குழு அதைக் கண்டறிந்தது. பக்கத்திலேயே எஸ்எம்என்2 என்ற இரட்டை உண்டு. அதில் ஓரெழுத்து மாறியிருப்பதால் பத்தில் ஒரு பங்குதான் முழுப் புரதம் வரும். அந்த இரட்டை எத்தனை படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் குழந்தை உட்காருவதும் நடப்பதும். நோயாளிகளில் சுமார் 95 விழுக்காட்டினரிடம் ஒரே பழுதுதான்: எஸ்எம்என்1இன் ஏழாவது துண்டு இரு படிகளிலும் இல்லை. தேட வேண்டிய இடம் தெரிந்த நோய் இது.

அம்மா, அப்பா இருவரும் பழுதைச் சுமந்தால்தான் நோய் என்றால், சொந்தத்தில் கட்டுவதை விட்டால் போதாதா என்பார்கள். பாதி நியாயம்தான். ஐம்பதில் ஒருவர் பழுதைச் சுமப்பதாகக் கொண்டால், உறவில்லாத தம்பதிக்கு நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 10,000இல் ஒன்று. மாமன் மகளைக் கட்டினால் ஏறக்குறைய 1,400இல் ஒன்று, அக்காள் மகள் என்றால் 750இல் ஒன்று. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சுமார் 28 விழுக்காட்டுப் பெண்கள் உறவில் மணந்தவர்கள். நிலமும் நகையும் வீட்டை விட்டுப் போகாத ஏற்பாட்டை அறிவுரை அசைக்காது. உறவுக்கு வெளியே மணப்பதும் முழுக் காப்பல்ல.

ரத்தப் பரிசோதனையில் பழுது தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுபோகாதா? அந்தப் பயம் வீணல்ல. அதனால்தான் சோதனையைப் பெண் பார்க்கும் படலத்தில் நுழைக்காமல், மணமான இருவருக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் சுமந்தால் குழந்தைக்கு நோய் வராது என்றே சொல்லலாம். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சோதனை சிலரைத் தவறவிடும் என்பதும் உண்மை.

மருந்துதான் வந்துவிட்டதே என்றால், 2016 முதல் வந்த மூன்றும் உயிரோடிருக்கும் அணுக்களைத்தான் காக்கும், மடிந்ததை மீட்காது. மருந்து பலிக்கவும் முன்கூட்டித் தெரிய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியிடம் சர்க்கரை, ரத்தசோகைக்காக ஏற்கெனவே ரத்தம் எடுக்கிறார்கள். அதோடு இந்தச் சோதனையையும் சேர்க்கலாம்; கணவரிடம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.