உடலும் நோயும் – 17: கீமோவைத் தள்ளிப்போடலாமா?

2020 ஏப்ரலில் கேன்சர் நோயாளிகளின் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வந்தது: "இப்போ கீமோ ஏத்தினா இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் போயிடுமே, கொரோனா முடிஞ்சதும் பாத்துக்கலாமா?" கீமோ மருந்து வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும் என்று போன வாரம் பார்த்தோம். அதனால் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. பஸ்ஸும் ரயிலும் ஓடாததால், வெளியூர்க்காரர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

மே மாதக் கடைசியில் பிரிட்டனிலிருந்து ஒரு பதில் வந்தது. கொரோனா தொற்றிய 800 கேன்சர் நோயாளிகளை அங்குள்ள மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அவர்களில் 226 பேர் இறந்துபோனார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல். நெஞ்சை அடைக்கும் கணக்கு. ஆனால் வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, முந்தைய நான்கு வாரத்துக்குள் கீமோ ஏற்றிக்கொண்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆபத்தைக் கூட்டியவை முதுமை, ரத்தக் கொதிப்பு, இதய நோய் போன்றவைதான்.

இந்தச் செய்தி நம் வீடுகளுக்கு எட்டுவதற்குள் காலம் கடந்திருந்தது. அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரை இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிந்துகொண்டவர்கள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைவு. பெரிய அறுவை சிகிச்சைகள் ஏறக்குறைய பாதியாகின. வராமல் போனவர்களின் உடலில் கட்டி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கேன்சர் நோயாளிகளுக்குக் கொரோனா செய்த கேடுகளில் இதையே முதலில் எழுத வேண்டும் என்பேன்.

அதற்காக எல்லாக் கேன்சரையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. லுகீமியா, லிம்போமா, மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோய்களில் கெட்டுப்போவதே எதிர்ப்பணுக்கள் உருவாகும் பட்டறைதான். கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி ஊறுவதற்கு பி செல்கள் வேண்டும். லிம்போமாவுக்கு ஏற்றும் ரிடுக்ஸிமாப், கெட்ட பி செல்லோடு நல்லதையும் சேர்த்தே அழித்துவிடும். அவை மீண்டு வர ஆறு மாதத்துக்கு மேலாகும். அதுவரை தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடி சரிவர ஊறாது.

இப்படி எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலில் வைரஸ் எவ்வளவு நாள் தங்கிவிடும் என்பதற்கு ஓர் உதாரணம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 71 வயதுப் பெண்மணி ஒருவர். நாள்பட்ட லுகீமியா உள்ளவர். கொரோனாவின் அறிகுறி ஒன்றுகூட அவரிடம் இல்லை. தங்கியிருந்த மறுவாழ்வு இல்லத்தில் தொற்று பரவியதால்தான் சோதித்துப் பார்த்தார்கள். முதல் சோதனைக்கு 70 நாள் கழித்தும் அவரிடமிருந்து, பிறருக்குத் தொற்றக்கூடிய வைரஸ் வெளிவந்துகொண்டிருந்தது. அவர் உடலுக்குள்ளேயே அது உருமாறவும் செய்தது.

ஆன்டிபாடி ஊறாவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் இல்லை. வைரஸ் புகுந்த செல்களை நேரடியாக அழிக்கும் டி செல்களும் உண்டு. ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் சிடி8 என்ற அந்த வகை டி செல் கூடுதலாக இருந்தவர்கள் கொரோனாவிலிருந்து பிழைப்பது அதிகம் என்று 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. தடுப்பூசி இந்த டி செல்களையும் தட்டி எழுப்பும். ஆகவே "எனக்கு எப்படியும் வேலை செய்யாது" என்று விட்டுவிடாதீர்கள். முடிந்தால் ரிடுக்ஸிமாப் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். கீமோ நடக்கிற காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், கொரோனாவா வேறு ஏதாவதா என்று பாராசிட்டமாலோடு வீட்டில் காத்திருக்க வேண்டாம். வெள்ளையணு குறைந்திருக்கும்போது வருகிற எந்தக் காய்ச்சலுக்கும், ராத்திரியானாலும், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.