பிக்அப் டிரக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்த ஒரு எக்ஸெல் ஷீட்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எக்ஸெல் பற்றிக் கேட்டால், "வீட்டு வரவு செலவு எழுதலாம்" என்பார்கள். அதற்கு மேல் பலர் போவதில்லை. ஆனால் ஒரு அளவை மாற்றினால் மற்ற அளவுகள் என்ன ஆகும் என்று பார்க்க எக்ஸெல்லைப் போல உதவும் புரோகிராம் வேறு இல்லை. அதே எக்ஸெல்லில் ஒரு சிறிய வார்த்தையை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நான் பட்டுத் தெரிந்து கொண்டேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கம்பெனி வேலையாக அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் தங்கியிருந்தேன். உடன் வேலை பார்த்த நண்பர் பழைய செவ்ரோலே எஸ்-10 பிக்அப் டிரக் ஒன்றை வாங்கினார். 1982 மாடலில் தொடங்கி 2004 வரை அமெரிக்காவில் விற்பனையான சிறிய டிரக் இது. சுமை ஏற்றுவதற்காகவே ஸ்பிரிங் அமைக்கப்படுவதால், காலியாக நிற்கும்போது பிக்அப்களின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைத் தாழ்த்தி அழகு பார்ப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. வீட்டு வாசலிலேயே செய்து விடுகிறார்கள். நண்பருக்கும் ஆசை வந்தது. "நீதான் இன்ஜினியர் ஆச்சே, கணக்குப் போட்டுக் கொடு" என்றார்.

எப்படித் தாழ்த்துகிறார்கள்?

பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலை இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் எஸ்-10ல் ஆக்ஸில் ஸ்பிரிங்கின் மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டிற்கும் நடுவே 2 அல்லது 3 அங்குல உலோகக் கட்டையை வைத்தால் ஆக்ஸில் மேலே போகும். வண்டி அந்த அளவுக்குக் கீழே வரும். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் டிரக்குகளில் இதே கட்டையை வைத்தால் வண்டி தாழாது, உயரும்! அவற்றில் ஆக்ஸிலை ஸ்பிரிங்கின் மேல் பக்கத்திற்கு மாற்றும் தனி கிட் தேவை. எனவே முதலில் குனிந்து பார்க்க வேண்டும், பிறகுதான் கம்ப்யூட்டர்.

ஷீட்டைத் தயாரிப்போம்

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், எதைத் திறந்தாலும் சரி. ஏ காலத்தில் கீழ்க்கண்ட பெயர்களையும், பி காலத்தில் எண்களையும் டைப் செய்யுங்கள். நீளங்கள் அங்குலத்தில், எடை பவுண்டில், சாய்வு டிகிரியில். அளவுகளை வண்டி சம தரையில் தன் சக்கரங்களில் நிற்கும்போது எடுக்க வேண்டும்.

பி1: தாழ்த்தும் உயரம் - 3
பி2: புரொபெல்லர் ஷாஃப்டின் நீளம் - 50
பி3: ஷாஃப்ட் பின்நோக்கிச் சாயும் கோணம் - 3
பி4: கியர்பாக்ஸ் பின்நோக்கிச் சாயும் கோணம் - 3.5
பி5: ஆக்ஸிலுக்கும் மேலே உள்ள ரப்பர் தடுப்புக்கும் இடைவெளி - 5
பி6: வண்டி 1 அங்குலம் அமிழத் தேவையான எடை - 300
பி7: ஏற்றப் போகும் எடை - 600
பி8: முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் - 108

பி6ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? பின் சக்கர வளைவின் உயரத்தை அளந்து கொள்ளுங்கள். எடை தெரிந்த மூட்டைகளை ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஏற்றி மீண்டும் அளக்கவும். 60 பவுண்டு மூட்டைகள் ஐந்தை வைத்தபோது நண்பரின் டிரக் 1 அங்குலம் அமிழ்ந்தது.

நான்கு ஃபார்முலாக்கள்

ஃபார்முலாவை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். அச்சில் தமிழில் தந்துள்ளோம்.

பி10ல்: =பி5-பி1-பி7/பி6. சுமை ஏற்றிய பிறகு ஆக்ஸில் மேலே எழும்ப மீதி இருக்கும் இடம் இது.

பி11ல்: =டிகிரீஸ்(ஏடான்(பி1/பி2)). ஷாஃப்டின் கோணம் எவ்வளவு மாறும் என்பதைத் தரும். ஏடான் என்பதை ஏ, டி, ஏ, என் என்ற நான்கு எழுத்துகளாகவும், டிகிரீஸ் என்பதை டி, இ, ஜி, ஆர், இ, இ, எஸ் என்ற ஏழு எழுத்துகளாகவும் டைப் செய்யவும்.

பி12ல்: =பி4-(பி3-பி11). கியர்பாக்ஸும் ஷாஃப்டும் சேரும் யுனிவர்சல் ஜாயிண்ட்டின் புதிய கோணம். இது 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. அதிகமானால் வேகத்தில் அதிர்வு வரலாம். ஜாயிண்ட் சீக்கிரம் தேயும்.

பி13ல்: =300*பி1/பி8. பின்பக்கம் தாழ்ந்தால் முகம் நிமிரும். 25 அடி, அதாவது 300 அங்குலத் தொலைவில் ஹெட்லைட் வெளிச்சம் சுமார் எத்தனை அங்குலம் மேலே போகும் என்று இது சொல்லும்.

நான் செய்த தவறு

அன்று நான் போட்டது கோணக் கணக்கு மட்டும். அதிலும் டிகிரீஸ் என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். எக்ஸெல்லில் ஏடான் ஃபங்ஷன் விடையை ரேடியனில்தான் தரும். திரையில் 0.06 என்று வந்தது. "கோணம் மாறவே இல்லை, தாராளமாக 3 அங்குலம் போடலாம்" என்றேன். உண்மையில் அது 3.43 டிகிரி!

நண்பர் சனிக்கிழமை கட்டைகளைப் பொருத்தினார். திங்கட்கிழமை, "அறுபது மைல் வேகத்தில் சீட்டே அதிருகிறது" என்றார். ஷீட்டை மறுபடி திறந்து பார்த்தபோதுதான் என் தவறு தெரிந்தது. எக்ஸெல் பிழைச் செய்தி எதுவும் காட்டவில்லை. ஃபார்முலா சரியாகவே இருந்தது. நான் கேட்ட கேள்விதான் வேறு. 0.06 என்பது எந்த அளவையில் என்று எக்ஸெல் சொல்லாது, நாம்தான் தெரிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு இன்ஜினியரிங் படித்தும் இது என் கண்ணில் படவில்லை.

பிறகு முழு ஷீட்டையும் தயாரித்தோம். 3 அங்குலத்திற்கு பி12ல் 3.93 வந்தது. பி10ல் வந்த எண்ணைப் பார்த்து இருவருமே பேசவில்லை. அது பூஜ்யம்! 600 பவுண்டு ஏற்றினால் ஆக்ஸில் ரப்பர் தடுப்பில் முட்டி நிற்கும். முதல் பள்ளத்திலேயே அடி நேராக சேஸில் விழும். அந்த வாரம்தான் அவர் வீடு மாற இருந்தார்.

பி1ல் 2 என்று மாற்றி என்டர் தட்டினோம். பி12ல் 2.79, பி10ல் 1. பி7ல் 300 என்று மாற்றினால் பி10ல் 2. கட்டையை 2 அங்குலமாக மாற்றி, சுமையையும் பாதியாகக் குறைத்துக் கொண்டார். அதிர்வு நின்றது. 25 அடியில் ஐந்தரை அங்குலம் உயர்ந்திருந்த ஹெட்லைட்டையும் இறக்கி வைத்தார்.

ஷீட்டில் வராதவை

எக்ஸெல் கணக்குப் போடும், காவல் காக்காது. டிரக்கின் கீழே போகும் முன் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸை ஜாக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. யூ போல்ட்டுகளைக் கழற்றினால் பழையதை மீண்டும் போடாமல், நீளமான புதிய யூ போல்ட்டுகளைப் போட வேண்டும். உயரம் போதவில்லை என்று ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை அடுக்கக் கூடாது. ஷாக் அப்சார்பர் புதிய உயரத்திற்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சில டிரக்குகளில் சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு இருக்கும். அதன் கம்பி ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் வால்வு சுமை ஏறியதாக நினைத்து பின் பிரேக்கிற்கு அதிக அழுத்தம் தரும். காலி வண்டியில் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட வண்டியை மெக்கானிக்கிடம் காட்டாமல் தொடக் கூடாது.

நம் ஊர் வண்டியில் இதை முயற்சி செய்ய வேண்டாம். தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஷீட்டைத் தயாரித்துப் பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் இன்றே தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், சி காலத்தில், அதன் அளவையை டைப் செய்யுங்கள்: அங்குலம், பவுண்டு, டிகிரி. புதிய ஃபார்முலா எழுதினால், விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் கொடுத்துப் பாருங்கள். பி1லும் பி2விலும் ஒரே எண்ணைக் கொடுத்தால் பி11ல் 45 வர வேண்டும். அன்று நான் இதைச் செய்திருந்தால் 0.79 என்று வந்திருக்கும். தவறு என் மேஜையிலேயே முடிந்திருக்கும். நண்பர் அந்த டிரக்கில் இரண்டு நாள் ஓடியிருக்க வேண்டாம்.