'ஆம்' என்றது யார்?

2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா வந்தது. ஒரு நாள் வேலையை எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை நீட்டிக்க வழிவிடும் மசோதா. டிபன் பாக்ஸோடு காலையிலேயே ஷூ கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கும் ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துப் பெண்களின் வாழ்க்கையை இதைவிட நேராகத் தொடும் சட்டம் அபூர்வம். காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விசிக என்று ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி வெளிநடப்பில் முடிந்தது. ஆனாலும் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. பத்தே நாளில், மே தினத்தன்று, அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

சரி, அன்று 'ஆம்' சொன்னவர்கள் யார் யார்? பெயர்ப் பட்டியல் கிடையாது.

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டுத் தொகுதியில் 2016, 2021 தேர்தல்களில் வென்றவர் திமுகவின் ஏ.பி.நந்தகுமார். கட்சியின் மாவட்டச் செயலாளராகவும் இருந்தவர். தெருவில் யாரைக் கேட்டாலும் அவர் எந்தக் கல்யாணத்துக்கு வந்தார், எந்த ரோட்டுக்குப் பூஜை போட்டார் என்று சொல்லிவிடுவார்கள். எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று கேட்டால் பதில் வராது. அது அவர் குற்றமும் இல்லை, கேட்கப்பட்டவர்களின் குற்றமும் இல்லை. எந்தக் கட்சி எம்எல்ஏவுக்கும் இதே கதைதான்.

பேரவைத் தலைவர் மசோதாவை வாக்குக்கு விடுகிறார். ஏற்பவர்கள் 'ஆம்' என்கிறார்கள், மறுப்பவர்கள் 'இல்லை' என்கிறார்கள். எந்தப் பக்கம் குரல் ஓங்குகிறது என்று காதால் கேட்டு முடிவைச் சொல்கிறார். இதில் தனி மனிதரின் குரலுக்குத் தடயம் ஏது? வற்புறுத்திக் கேட்டால் 'டிவிஷன்' உண்டு, தலைகளை எண்ணுவார்கள். 2002 அக்டோபர் 31 அன்று கட்டாய மதமாற்றத் தடை மசோதா 140-73 என்று நிறைவேறியது அப்படித்தான். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோதும் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக நிற்கவைத்து எண்ணினார்கள்: ஆதரவு 122, எதிர்ப்பு 11. அதற்குள் திமுகவினர் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அணைக்கட்டு மக்கள் அனுப்பிய கட்சிக்கு அந்தக் கணக்கில் ஒரு தலைகூட இல்லை.

அமெரிக்காவின் மாநில அவைகளில் கருக்கலைப்பு, துப்பாக்கி போன்ற விவகாரங்களில் ஒவ்வொரு உறுப்பினரின் வாக்கும் பெயரோடு பதிவாகும். அடுத்த தேர்தலில் எதிராளி அதைத் துண்டறிக்கை அடித்துக் கொடுப்பார். இங்கே வெளிநடப்பும் புறக்கணிப்பும்தான் பதிவு. வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதாவையே எடுத்துக்கொள்வோம். வன்னியர்கள் பெருமளவில் வாழும் அணைக்கட்டில் டீக்கடை பெஞ்சு முதல் கல்யாண மண்டபம்வரை பேச்சாகக்கூடிய சங்கதி. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே 2021 பிப்ரவரி 26 அன்று அது நிறைவேறியது. திமுகவோ அந்தக் கூட்டத்தொடரையே புறக்கணித்திருந்தது. ஆதரவா, எதிர்ப்பா என்று அவையில் சொல்ல வேண்டிய அவசியமே எழவில்லை. பிறகு 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பெயரோடு பதிவு செய்தாலும் எம்எல்ஏ சொந்தமாக முடிவெடுப்பாரா என்பது வேறு கேள்வி. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். நம்பிக்கை வாக்கு, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்றவற்றுக்கு மட்டுமே அந்தக் கட்டுப்பாடு பொருந்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1992இல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் சொன்னது. ஆக, சமூகப் பிரச்சினைகள் பலவற்றில் மனச்சாட்சிப்படி வாக்களிக்க ஏட்டளவில் இடம் உண்டு. பரீட்சித்துப் பார்க்கும் துணிச்சல்தான் யாருக்கும் வருவதில்லை. வரவும் வராது, பக்கத்துத் தொகுதிகளில் நடந்ததை எல்லோரும் பார்த்தார்களே. 2017இல் முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 அதிமுக எம்எல்ஏக்களில் ஆம்பூரின் ஆர்.பாலசுப்பிரமணியும் குடியாத்தத்தின் ஜெயந்தி பத்மநாபனும் இருந்தார்கள். அவையில் எதிர்த்து வாக்களிக்கக்கூட இல்லை, கடிதம் மட்டும்தான். அந்தச் செப்டம்பரிலேயே பதவி பறிபோனது. 2019 இடைத்தேர்தலில் இரண்டு தொகுதிகளும் திமுக வசமாயின.

தன் பிரதிநிதி என்ன செய்தார் என்று தெரிந்தால் வாக்காளர் கணக்குத் தீர்ப்பாரா? தோல் பதனிடும் ஊர்களில் அதற்கும் ஒரு சாட்சி உண்டு. பணப் பறிமுதலால் தள்ளிப்போன வேலூர் மக்களவைத் தேர்தல் 2019 ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. அதற்குச் சரியாக பதினொரு நாள் முன்பு, முத்தலாக் தடை மசோதாவை ஆதரித்து மக்களவையில் பேசினார் அதிமுகவின் தேனி எம்பி ரவீந்திரநாத். முந்தைய டிசம்பரில் அதே கட்சியின் அன்வர் ராஜா அதே அவையில் அதைக் கடுமையாக எதிர்த்திருந்தார். பிரச்சாரம் சூடாக இருந்த நேரம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் முஸ்லிம்கள் அதிகம். மாநிலங்களவையில் அதிமுக எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்து பார்த்தது. பலன் இல்லை. கூட்டணி வேட்பாளர் ஏ.சி.சண்முகம் 8,141 வாக்குகளில் திமுகவின் கதிர் ஆனந்திடம் தோற்றார். அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பகுதிகளில் சண்முகம் முந்தியிருந்தார். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூரில் விழுந்த வாக்குகள் அந்த முன்னிலையை விழுங்கிவிட்டன. தேனிக்காரர் பேசிய பேச்சுக்கு வேலூர் வேட்பாளர் விலை கொடுத்தார் என்றே அப்போது பலரும் எழுதினார்கள்.

இதை வைத்து வாக்காளரின் நினைவாற்றலை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட வேண்டாம். அதே 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு மாநிலங்களவையில் அதிமுக ஆதரவு தந்தது. 125-105 என்று அது நிறைவேறியது. 2021இல் வாணியம்பாடி தேர்ந்தெடுத்தது அதிமுக எம்எல்ஏவை. சண்முகத்துக்கு முன்னிலை கொடுத்த அணைக்கட்டு அதே தேர்தலில் திமுகவுக்கு வாக்களித்தது. ஜவ்வாது மலையை ஒட்டிய இந்தத் தொகுதியில் வேறு கவலைகள் முந்தி நிற்கின்றன. 2023 மே மாதம், பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலோடு வந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாமல் பாதி வழியில் நின்றது. தாய் உடலைச் சுமந்து மலைக் கிராமத்துக்கு நடந்தார். அந்த மக்கள் எம்எல்ஏவிடம் முதலில் கேட்பது ரோடு.