மின் ஈருருளி

மின் ஈருருளி என்பது மின்கல அடுக்கில் சேமிக்கப்பட்ட ஆற்றலைக் கொண்டு மின்னோடியால் இயங்கும் இரு சக்கர ஊர்தி ஆகும். மிதிகட்டையுடன் கூடிய மின் மிதிவண்டி, மின் ஸ்கூட்டர், மின் மோட்டார் சைக்கிள் ஆகியவை இதன் வகைகள். தமிழகத்தின் சிற்றூர்களில் இவை பொதுவாகப் "பேட்டரி வண்டி" என்றே அழைக்கப்படுகின்றன. எரிபொருள் செலவும் பராமரிப்பும் குறைவு என்பதால் இவை விரும்பப்படுகின்றன. எனினும், ஒரு முறை மின்னேற்றினால் எவ்வளவு தொலைவு ஓடும் என்பதும், பிரேக்கில் எழும் ஒலியை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதும் இவ்வண்டியை வைத்திருப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் வினாக்கள் ஆகும். காவிரிப் படுகையின் தென்கோடியில், திருவாரூர் மாவட்டத்தில் உள்ள முத்துப்பேட்டைப் பகுதி இவ்விரண்டையும் விளக்குவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. அங்கு மேடு பள்ளம் இல்லை. ஆனால் காற்றும், உப்பும், சேறும், சாலையில் காயும் நெல்லும் உண்டு.

வரலாறு

அமெரிக்காவைச் சேர்ந்த ஆக்டன் போல்ட்டன் 1895ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று பின்சக்கரக் குடத்தில் மின்னோடி பொருத்தப்பட்ட மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மலிவு விலை வண்டிகள் பலவற்றிலும் மின்னோடி அதே இடத்தில்தான் உள்ளது. மிதிப்பவரின் விசையை உணர்ந்து துணைபுரியும் மிதிவண்டியை சப்பானின் யமஹா நிறுவனம் 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் ஆம்பியர் நிறுவனம் 2008இல் தொடங்கப்பட்டது. அக்கால வண்டிகள் ஈய-அமில மின்கலங்களைக் கொண்டிருந்தன. எடை மிகுதி, ஆயுள் குறைவு ஆகிய குறைகளோடு, 2012ஆம் ஆண்டளவில் மாநிலத்தில் நிலவிய நெடுநேர மின்வெட்டும் அவற்றின் பரவலைத் தடுத்தது. இலித்தியம்-அயனி மின்கலத்தின் வருகைக்குப் பின்னரே நிலைமை மாறியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற தருண் மேத்தா, சுவப்னில் ஜெயின் ஆகியோர் 2013இல் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஓசூர் ஆலை 2021இல் இயங்கத் தொடங்கியது. டி.வி.எஸ் நிறுவனத்தின் ஐகியூப் 2020இல் வெளிவந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனத்தின் ஆலை 2021இல் உற்பத்தியைத் தொடங்கியது. இவ்வாறு இந்திய மின் ஈருருளித் தொழிலின் பெரும்பகுதி தமிழகத்தின் வடமேற்கு மூலையில் அமைந்துவிட்டது.

சட்ட நிலை

இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மின்னோடியின் திறன் 250 வாட்டிற்குக் குறைவாகவும் மீ உயர் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் உள்ள, உரிய சான்று பெற்ற வண்டிகளுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. இவ்வரம்பைக் கடந்தவை அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும். தனியார் மின் வண்டிகளுக்குப் பச்சை நிறப் பின்புலத்தில் வெள்ளை எழுத்துகள் கொண்ட எண் பலகை வழங்கப்படுகிறது.

சாதாரண மிதிவண்டியில் மின்னோடித் தொகுதியை வாங்கிப் பொருத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. இங்கு சட்டத்தைவிட இயற்பியல் முதன்மையானது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியை 25 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் நிறுத்துவதற்கு உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. மின்கலத்தின் எடையும் இதனுடன் சேர்கிறது. பள்ளி மாணவருக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டியின் விளிம்பு பிரேக் இதற்காக வடிவமைக்கப்பட்டது அன்று.

ஓடும் தொலைவு

மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணி என்னும் அலகில் கூறப்படுகிறது. மின்னழுத்தத்தை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் இது கிடைக்கும். 60 வோல்ட், 30 ஆம்பியர்-மணி கொண்ட அடுக்கின் கொள்ளளவு 1800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட் மின்சாரம். மின்கலத்தை முற்றிலும் வெறுமையாக்கக் கூடாது என்பதால் இதில் 85 விழுக்காட்டை, அதாவது 1530 வாட்-மணியைப் பயன்படுத்தத்தக்கது எனக் கொள்ளலாம்.

ஒரு மின் ஸ்கூட்டர் சமதளத்தில் ஒருவரைச் சுமந்து மிதமான வேகத்தில் செல்ல, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 35 வாட்-மணி வரை செலவிடுகிறது. மிதித்துக்கொண்டே செல்லும் மின் மிதிவண்டிக்கு 8 முதல் 15 வரை போதும். கிலோமீட்டருக்கு 25 எனக் கொண்டால் மேற்கூறிய வண்டி 61 கி.மீ. ஓடும். முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டை மேற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே சென்று திரும்ப 50 கி.மீ. என்பது புதிய வண்டிக்கு இயலும். ஆனால் சில ஆண்டுகளில் மின்கலம் தன் கொள்ளளவில் கால் பங்கை இழந்த பின், அதே வண்டி 46 கி.மீ. மட்டுமே ஓடும். ஊர் எல்லைக்கு நான்கு கிலோமீட்டர் முன்னதாகவே நின்றுவிடும் என்பது பொருள். மன்னார்குடிக்கு, 35 கி.மீ. அளவில், சென்று திரும்புவது புதிய வண்டிக்கே இயலாது. அங்கு மின்னேற்றிக்கொள்ள வேண்டும்.

விளம்பரங்களில் கூறப்படும் தொலைவு பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல், வரையறுக்கப்பட்ட ஓட்டச் சுழற்சியில் அளக்கப்பட்டதாகும். அது பொய்யன்று, வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவும் அளவீடு. ஆயினும் சாலையில் அதில் கால் பங்கோ அதற்கு மேலோ குறைவது இயல்பு. வாங்குபவர், தமது அன்றாடத் தேவையைப் போல் ஒன்றரை மடங்கு உண்மையான ஓட்டத் தொலைவு உள்ள வண்டியைத் தேர்ந்தால் மின்கலத்தின் முதுமைக்கும் இடம் விட்டதாகும்.

சமதளமான நெல்வயல் நாட்டில் ஆற்றலை உண்பது ஏற்றம் அன்று, காற்று. காற்றுத்தடை விசை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலான சார்பு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியை 15 கி.மீ. வேக எதிர்காற்று தாக்கினால் சார்பு வேகம் 50 ஆகிறது. தடை விசை இருமடங்காகிறது. ஆடி மாதத்தில் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும் காற்றைக் கருதினால், முத்துப்பேட்டையிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்பவர் போகும்போது எதிர்காற்றையும் திரும்பும்போது பின்காற்றையும் பெறுகிறார். பாதி வழியில் மின்கல அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டாலும் அவர் அஞ்ச வேண்டியதில்லை. வடகிழக்கே திருத்துறைப்பூண்டிக்குச் செல்பவரின் நிலை நேர்மாறானது. காற்றோடு எளிதாகச் சென்று சேர்ந்தவர், எஞ்சிய அளவைக் கண்டு ஏமாந்துவிடக்கூடும். திரும்பும் வழியில்தான் செலவு கூடும். எதிர்காற்றில் இழப்பது பின்காற்றில் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறைப்பதே ஓட்டுநரின் கையில் உள்ள மிகச் சிறந்த மருந்து.

சக்கரத்தில் காற்றழுத்தம் குறைதல், பின்னிருக்கையில் ஆள், கால்வைக்கும் இடத்தில் நெல் மூட்டை, அடிக்கடி நின்று கிளம்புதல் ஆகியவையும் தொலைவைக் குறைக்கும். காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை சரிபார்ப்பது செலவில்லாத வழி. பிரேக் பட்டை சக்கரத்தை விடாமல் உரசிக்கொண்டிருந்தாலும் தொலைவு குறையும். திடீரென ஓட்டத் தொலைவு குறைந்தால் மின்கலத்தைக் குறைகூறுமுன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பது நலம்.

பிரேக்கும் அதன் ஒலியும்

மின் ஈருருளிகளில் டிரம் பிரேக், டிஸ்க் பிரேக் என இருவகை உண்டு. முன்னதில் உருளைக்குள் இரு ஷூக்கள் விரிந்து உட்சுவரை அழுத்துகின்றன. பின்னதில் சுழலும் தட்டை இருபுறமும் பேடுகள் கவ்வுகின்றன. இவற்றுடன் பல வண்டிகளில் மீளாக்கத் தடுப்பு என்னும் ஏற்பாடும் உள்ளது. முறுக்கியை விட்டதும் மின்னோடி மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி மின்கலத்திற்குத் திருப்புகிறது.

இந்த நன்மையே ஒரு சிக்கலுக்கும் காரணமாகிறது. மின்னோடியே பெருமளவு வேகத்தைக் குறைத்துவிடுவதால் உராய்வு பிரேக் குறைவாகவே பயன்படுகிறது. பயன்படாத தட்டில் துரு படிகிறது. மெல்ல மட்டுமே அழுத்தப்படும் பேடின் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளப்பாகி இறுகுகிறது. அலையாத்திக் காடும் கடற்கழியும் அருகில் உள்ள முத்துப்பேட்டையில் உப்புக் காற்று இத்துருவை விரைவுபடுத்துகிறது. மேலும், பெட்ரோல் வண்டியில் இயந்திர இரைச்சலில் மறைந்துபோகும் சிறு ஒலிகூட ஒலியற்ற மின் வண்டியில் நன்கு கேட்கும். எனவே ஒலி கேட்டவுடன் பழுது என முடிவு செய்யலாகாது. ஒலியின் தன்மையை அறிய வேண்டும்.

முதலில் ஒலி பிரேக்கில் இருந்துதான் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொடாதபோதும் முறுக்கியைத் திருகும் அளவிற்கேற்ப மாறும் முனகல் மின்னோடியினுடையது. பிரேக் பிடித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் பெரும்பாலும் சக்கரத்தின் பேரிங்கினுடையது. பிரேக் பிடியை அழுத்தும்போது மட்டும் தோன்றுவதே பிரேக்கின் ஒலி.

காலையில் முதல் சில நிறுத்தங்களில் கேட்டுப் பின் மறையும் கீச்சொலி, இரவுப் பனியால் தட்டில் படிந்த மெல்லிய துருவினால் வருவது. இதனால் தீங்கில்லை. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவில் முழுமையாக மின்னேற்றிய மின்கலம் மேலும் மின்சாரத்தை ஏற்க இயலாததால், மீளாக்கத் தடுப்பு அப்பொழுது குறைவாகவே செயல்படும். உராய்வு பிரேக்கே முழுச் சுமையையும் ஏற்கிறது. சில கிலோமீட்டர் ஓடிய பின் ஒலி தானே குறையும்.

நாள் முழுதும் தொடரும் உயர்ந்த கீச்சொலி, பேடு தட்டில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறி அதிர்வதால் எழுகிறது. மேற்பரப்பு இறுகியிருந்தால் பேடுகளைக் கழற்றி நுண்ணிய உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து, தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்து, பின் ஆளற்ற சாலையில் மிதமான வேகத்திலிருந்து இருபது முப்பது முறை படிப்படியாக நிறுத்திப் பழக்க வேண்டும். எண்ணெய் ஊறிய பேடைத் தேய்த்துப் பயனில்லை. மாற்றியே ஆக வேண்டும். ஒலியை அடக்கத் தட்டிலோ ஷூவிலோ எண்ணெய் விடுவது சிலரிடம் காணப்படும் மிக ஆபத்தான பழக்கம். ஒலி உடனே நின்றுவிடும், வண்டி நிற்காது.

சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும் "உஸ்" என்னும் உரசல், தட்டு வளைந்திருப்பதைக் காட்டுகிறது. விடாத உரசலாயின் காலிப்பர் விலகியிருக்கலாம், அல்லது அதன் உந்துதண்டு துருவால் இறுகியிருக்கலாம். உலோகத்தோடு உலோகம் அரைபடும் கரகர ஒலி எல்லாவற்றிலும் தீவிரமானது. பேடின் உராய்வுப் பொருள் தீர்ந்து அதன் இரும்புத் தகடே தட்டை அறுக்கிறது என்பதே அதன் பொருள். அந்நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. பேடின் கனம் 1.5 மி.மீ. அளவிற்கு வரும் முன்னரே மாற்றிவிட்டால் விலை மிகுந்த தட்டு தப்பும்.

டிரம் பிரேக்கில் உள்ளே சேரும் தூசியே ஒலிக்கு முதற்காரணம். அறுவடைக் காலத்தில் படுகை மாவட்டங்களில் நெல்லையும் வைக்கோலையும் உளுந்துச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைப்பர். வைக்கோல் அச்சில் சுற்றிக்கொள்வதும், சுனையும் தூசியும் உருளைக்குள் புகுவதும் அப்போது மிகுதி. சக்கரத்தைக் கழற்றித் தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் வாயால் ஊதலாகாது. வைக்கோலின்மேல் பிரேக்கைத் திடீரென அழுத்தினால் சக்கரம் பூட்டி வழுக்கும் என்பது இவ்விடத்தில் சேர்த்துச் சொல்லத்தக்கது. மீளாக்கத் தடுப்பும் பின்சக்கரத்தை இழுக்கும் என்பதால் முறுக்கியையும் மெல்லவே விட வேண்டும்.

நீரழுத்த டிஸ்க் பிரேக்கின் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடற்கரை ஊர்களில் இதனை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம் எனலாம்.

மின்னேற்றமும் பாதுகாப்பும்

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவில் மின்னேற்றத்தில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையால் மூச்சுத்திணறி இறந்தனர். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் நேர்ந்த தீ விபத்துகளைத் தொடர்ந்து நடுவண் அரசு மின்கலப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. அவை 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் விற்கப்பட்ட வண்டிகளைப் பழைய விலைக்கு வாங்குவோர் இதனைக் கருத வேண்டும்.

வெளியேறும் வழியை மறிக்கும் இடத்திலும் உறங்கும் அறையிலும் மின்னேற்றம் செய்யக் கூடாது. வெயிலில் ஓடி வந்த மின்கலத்தை அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். நில இணைப்புள்ள செருகியும், வண்டியுடன் வழங்கப்பட்ட மின்னேற்றியும் தேவை. வெள்ள நீரில் மூழ்கிய வண்டியை, உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், பணிமனையில் சோதிக்காமல் மின்னேற்றுவது தவறு.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் இப்பகுதியின் பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின் வண்டியை மட்டுமே நம்பியுள்ள குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று. புயல் எச்சரிக்கை வந்ததும் முழுமையாக மின்னேற்றி, வண்டியை உயர்ந்த இடத்தில் நிறுத்தி வைப்பது வழக்கமாக வேண்டும். மற்ற நாட்களில், நெடுநாள் ஓட்டாமல் வைக்கும் இலித்தியம் மின்கலத்தை 40 முதல் 60 விழுக்காடு அளவில் வைப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது.

மின்கலத்தின் இறுதிக்காலம்

ஈய-அமில மின்கலங்கள் சில நூறு சுழற்சிகளில் தளர்ந்துவிடுகின்றன. இலித்தியம் இரும்பு பாசுபேட்டு வகை இரண்டாயிரம் சுழற்சிகள் அளவிற்கு நிலைக்கக்கூடியது; வெப்பத்தையும் நன்கு தாங்கும். நிக்கல் கலந்த வகை இதே எடையில் மிகுந்த ஆற்றலைத் தரும், ஆனால் ஆயுள் குறைவு. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. உரிமையாளர் அதனைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் விற்பனையாளரிடம் திருப்பித் தர வேண்டும்.