பனித்தடமும் நிலச் சொந்தக்காரரும்

தன் வயலின் நடுவே பிறருடைய வண்டி செல்வதை எந்தக் குடியானவரும் எளிதில் விரும்பார். வண்டிச் சோடு விழுந்த இடத்தில் மண் இறுகும். இறுகிய மண்ணில் பயிர் சோரும். ஒருவன் சென்ற வழியில் பத்துப் பேர் வருவர். அவ்வாறிருக்க, ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள வெர்மான்ட் ராஜ்யத்தில், ஆயிரக்கணக்கான நிலச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வாடகை ஏதும் பெறாமலே, தங்கள் வயல், மேய்ச்சற்புலம், மரத்தோப்பு ஆகியவற்றின் ஊடே மோட்டார் வண்டிகள் செல்ல வழிவிட்டு வருகின்றனர். இவ்வழிகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 4,700 மைல். இதில் ஐந்தில் நான்கு பங்கு தனியார் நிலத்தின் மேல் செல்வது. இத்தகைய ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று, எதனால் நிலைத்து வருகிறது, எதனால் கெடும் என்பவை நிலம் உடையவர் யாவரும் அறியத்தக்கவையாகும்.

வண்டியின் வரலாறு

இங்கே குறிக்கப்படும் வண்டி சக்கரமில்லாதது. ஸ்னோமொபைல் எனப்படும் இப்பனிவண்டி, முன்புறம் இரண்டு சறுக்குப் பட்டைகளும், பின்புறம் எந்திரத்தால் சுழலும் அகன்ற ரப்பர் வாரும் உடையது. கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்னும் ஊரினரான ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்பவர் இவ்வகை வண்டிகளை அமைப்பதில் முன்னின்றவர். 1934ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், பனி மூடிய பாதையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழியின்றி அவருடைய சிறு மகன் மாண்டான். பனியின் மேல் ஓடும் வண்டிக்காக அவர் பல வருஷங்கள் உழைத்தார். ஓரிருவர் ஏறிச் செல்லும் இலேசான ஸ்கீ-டூ என்னும் வண்டி 1959இல் விற்பனைக்கு வந்தது.

அவசியத்துக்காகப் பிறந்த வண்டி வெகு சீக்கிரத்தில் உல்லாசத்துக்கும் உரியதாயிற்று. 1971ஆம் வருஷத்தையொட்டி வட அமெரிக்காவில் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகள் விற்பனையாயின. வாங்கியவர்களுக்கு ஓட்ட இடம் வேண்டும். வெர்மான்டிலோ பெரும்பான்மையான நிலம் தனியாருடையது. பனி பெய்தபின் வரப்பும் வேலியும் கண்ணுக்குத் தெரியா. ஆகவே, கேட்காமல் நுழைவதும், வேலிக் கம்பியை அறுப்பதும், இரவில் வீட்டருகே இரைச்சலிடுவதும் அக்காலத்தில் பல இடங்களில் நேர்ந்தன. நிலச் சொந்தக்காரர்கள் ‘நுழையக்கூடாது’ என்று பலகை அடிக்கலாயினர். வண்டி ஓட்டுவோர் சங்கங்களாகச் சேர்ந்து, அனுமதி கேட்டுத் தடம் அமைக்கத் தொடங்கியதற்கு இதுவே முக்கிய காரணம். வெர்மான்ட் பனிப்பயணிகள் சங்கம் 1967இல் ஏற்பட்டது. இன்று அதில் ஊர்தோறும் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட கிளைச் சங்கங்கள் சேர்ந்திருக்கின்றன.

பயிருக்கு நேரும் தீங்கு

பனி மூடிய நிலத்தில் பயிர் இல்லையே, வண்டி ஓடினால் என்ன நஷ்டம் என்று சிலர் நினைக்கக்கூடும். அது தவறு. புதிதாகப் பெய்த பனியின் துகள்களுக்கிடையே காற்று அடைபட்டிருக்கிறது. கம்பளிப் போர்வை உடலின் சூட்டைக் காப்பதுபோல, அக்காற்று மண்ணின் சூட்டைக் காக்கிறது. வண்டி திரும்பத் திரும்ப ஓடினால் பனி நசுங்கிக் கட்டியாகிறது, காற்று வெளியேறுகிறது, குளிர் மண்ணுள் ஆழமாக இறங்குகிறது. குதிரைமசால், குளோவர் முதலான, பல வருஷம் நின்று பலன்தரும் தீவனப் பயிர்களின் வேர்முடி இதனால் உறைந்து சாகலாம். நசுங்கிய பனி வசந்தத்தில் தாமதமாகவே உருகுவதால், தடம் சென்ற கீற்றில் புல் பிந்தித் துளிர்க்கும். பனி மெல்லியதாயிருக்கும்போது ஓட்டினால் நேரே புல்லின் அடியையே வண்டி அறுத்துவிடும். பனிக்குள் மறைந்துள்ள இளமரக் கன்றுகளின் நுனி ஒடிவதும் உண்டு.

அந்நாட்டில் பால் மாடு வளர்ப்போருக்கு ஆறு மாதத் தீவனம் கோடையில் அறுக்கும் வைக்கோற்புல்லே. ஆகவே, புல்வெளியில் ஒரு கீற்று கெட்டாலும் தொழுவத்தில் அதன் குறை தெரியும்.

மேப்பிள் மரத்தோப்புகளின் நிலை வேறு. மார்ச்சு மாதத்தையொட்டி இம்மரங்களைத் துளையிட்டு, மரத்துக்கு மரம் மெல்லிய குழாய் இழுத்து, இனிப்புச் சாற்றைச் சேர்ப்பார்கள். ஏறக்குறைய 40 காலன் சாற்றைக் காய்ச்சினால் 1 காலன் பாகு கிடைக்கும். குழாய் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு மேற்புறத்து மரங்களின் சாறெல்லாம் பனியில் வீணாகும். சாறு ஓடும் பருவமோ சில வாரங்களே. தடம் ஓடும் பருவத்தின் கடைசியும் சாற்றுப் பருவத்தின் தொடக்கமும் ஒன்றாக வருவதால், இங்கே ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்.

சங்கங்கள் செய்வன

மேற்கூறிய நஷ்டங்களை உணர்ந்தே நல்ல சங்கங்கள் தம் முறைகளை வகுத்திருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. தடம் அமைக்குமுன் சங்கத்தார் நேரில் சென்று நிலச் சொந்தக்காரரைக் காண்கின்றனர். எவ்வழியாகத் தடம் செல்லலாம் என்பதை அவரே காட்டுகிறார். அனுமதி எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ பெறப்படும். அதை எப்பொழுது வேண்டுமாயினும் திரும்பப் பெற அவருக்கு உரிமையுண்டு.

2. வெர்மான்டில் சங்கத் தடங்கள் டிசம்பர் 16ஆம் தேதிக்கு முன் திறக்கப்படுவதில்லை. ஏப்ரல் 15க்குப் பின் அவை திறந்திருப்பதுமில்லை. மான் வேட்டைப் பருவம் பெரும்பாலும் முடிந்தபின் தடம் திறப்பதால் வேட்டையாடும் நிலச் சொந்தக்காரருக்கு இடையூறு குறைகிறது. அத்தேதிகளுக்குள்ளும் பனி போதாதாயின் தடம் மூடியே இருக்கும்.

3. ஓட்டுவோர் ஒவ்வொருவரும் ஊர்ச் சங்கத்தில் அங்கத்தினராகி, தடப் பராமரிப்புக்கென வருஷந்தோறும் ஒரு தொகை செலுத்தி, அதன் அடையாளச் சீட்டை வண்டியில் ஒட்டவேண்டும். பனியைச் சீராக்கும் பெரிய எந்திரங்களுக்கும், ஓடைகளின் மேல் பாலம் கட்டுவதற்கும் இப்பணம் உதவுகிறது.

4. இலையுதிர் காலத்தில் அங்கத்தினர்கள் கூடி, விழுந்த மரங்களை அகற்றி, அடையாளப் பலகைகளை நடுகின்றனர். வசந்தத்தில் பலகைகளைப் பிடுங்கி, குப்பையைப் பொறுக்கி, சேதமான வேலியைச் செப்பனிடுகின்றனர். சங்கம் கட்டிய பாலத்தின் வழியே குடியானவர் கோடையில் விறகு வண்டி ஓட்டிச்செல்வதும் உண்டு.

5. பல சங்கங்கள் வருஷத்துக்கொருமுறை நிலச் சொந்தக்காரர்களைக் குடும்பத்தோடு அழைத்து விருந்திடுகின்றன. இது வெறும் உபசாரமன்று. ஓட்டுவோர் தாம் யாருடைய நிலத்தில் ஓடுகிறோம் என்பதை முகம் கண்டு அறிவதற்கு இதுவே சமயம்.

சட்டத்தின் உதவியும் அதன் எல்லையும்

வழிவிட்ட நிலத்தில் ஒருவன் விழுந்து காலொடிந்தால், அவன் தன்மீது வியாஜ்யம் தொடர்வானோ என்ற பயம் நிலச் சொந்தக்காரருக்கு இயல்பு. இப்பயத்தை நீக்க மிச்சிகன் ராஜ்யம் 1953இல் ஒரு சட்டம் செய்தது. 1965இல் ராஜ்யங்களின் பொதுச்சபை ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. இன்று எல்லா ராஜ்யங்களிலும் இவ்வகைச் சட்டம் ஏதேனும் ஒரு வடிவில் இருக்கிறது. வெர்மான்ட் சட்டத்தின்படி, கட்டணமின்றிப் பொழுதுபோக்குக்காக நிலத்தில் நுழைந்தவருக்கு நேரும் காயத்துக்கு, நிலச் சொந்தக்காரர் வேண்டுமென்றோ கொடிய அலட்சியத்தாலோ தீங்கு செய்தாலன்றி, அவர் பொறுப்பாளியாகார்.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பாதுகாப்பு, கட்டணம் வாங்காதவருக்கே. நிலத்துக்கு வாடகை வாங்கத் தொடங்கினால் இச்சட்டத்தின் காப்பு போய்விடக்கூடும். ஆதலால் பணம் கொடுத்து நட்பை வாங்கும் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. சங்கத்தார் கைம்மாறாகக் கொடுக்கத்தக்கவை உழைப்பும், ஒழுங்கும், நன்றியுமே.

மேலும், சட்டம் பயத்தை நீக்குமேயன்றி மனத்தை மாற்றாது. அறுந்த குழாயையும் கெட்ட புல்லையும் அது மீட்டுத் தாராது.

ஒரு நிலம் மூடப்பட்டால்

இவ்வேற்பாட்டின் பலவீனம் எங்கே உள்ளது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆற்றுக்கும் ராஜபாட்டைக்கும் இடையே 20 ஏக்கர் புல்வெளி வைத்திருக்கும் ஒரு பால்பண்ணைக்காரரை எண்ணிக்கொள்க. இரண்டு ஊர்களை இணைக்கும் 15 மைல் தடத்தில் அவருடைய நிலத்தின் மேற் செல்வது கால் மைலே. ஆயினும் ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு அதுவே வழி. ஒரு சனிக்கிழமை இரவு, சங்கத்தில் சேராத ஒருவன் தடத்தை விட்டு விலகி, புதிதாக விதைத்த குதிரைமசால் பாத்தியில் வட்டமிட்டு ஓடிவிடுகிறான். வசந்தத்தில் பண்ணைக்காரர் பட்டுப்போன கீற்றுகளைக் காண்கிறார். ஓடியவன் யாரென்று அவர் அறியார். அவர் அறிந்தது சங்கத்தின் பெயர் ஒன்றையே. அடுத்த டிசம்பரில் அவர் கதவை மூடுகிறார். மூடியது கால் மைல். அறுந்தது 15 மைல்.

அவர் செய்தது அநியாயம் என்று யாரும் கூறமுடியாது. ஆனால் அத்தீங்கை அவர் வசந்தத்தில் தாமாகக் காணுமுன், மறுநாட் காலையிலேயே சங்கத்தார் அவரிடம் சென்று, நேர்ந்ததைச் சொல்லி, விதைக்கும் உழவுக்கும் ஆகும் செலவை ஏற்பதாகக் கூறி, பாத்தியின் ஓரத்தில் கழி நட்டுக் கயிறு கட்டியிருந்தால், கதவு மூடப்படாமலே இருந்திருக்கலாம். தீங்கைக் குடியானவர் கண்டு சொல்வதற்கும், சங்கத்தார் கண்டு சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

இதைவிட மெதுவாக வரும் ஆபத்து மற்றொன்று. வெர்மான்டில் 1947இல் 11,000க்கு மேற்பட்ட பால்பண்ணைகள் இருந்தன. 2023இல் அவை 600க்கும் குறைவு. பண்ணைகள் விற்கப்பட்டுத் துண்டாகும்போது, தகப்பன் காலத்தில் கைகுலுக்கிப் பெற்ற அனுமதி மகன் காலத்திலேயே பிறர் கைக்குப் போகிறது. புதிதாக வந்தவருக்குப் பழைய நட்பு தெரியாது. ஆகையால், நிலம் கைமாறியதும் புதிய சொந்தக்காரரின் வீட்டுக்குச் சங்கத்தார் சென்று முதலிலிருந்து கேட்கவேண்டும். ‘எப்பொழுதும் இவ்வழியாகத்தான் போனோம்’ என்னும் சொல் அங்கே செல்லாது.

சக்கர வண்டிகள்

பனிக்குப் பதில் வெறும் மண்ணின் மேலேயே ஓடும் நாற்சக்கரக் கரட்டு வண்டிகளின் விஷயத்தில் அனுமதி பெறுவது இன்னும் கடினம். பனி உருகிய பின் வரும் சேற்றுப் பருவத்தில் ஒரு வண்டி ஓடினாலும் ஆழ்ந்த சோடு விழும். அதன் வழியே மழைநீர் ஓடி மண் அரிக்கும். மேயின் ராஜ்யத்தில் இவ்வண்டிகள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனதைக் கண்டு நிலச் சொந்தக்காரர்கள் முறையிட்டனர். 2019இல் கவர்னர் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். 2021இல் செய்த சட்டத்தினால், முன்னரே பதிவானவை நீங்கலாக, 65 அங்குலத்துக்கு மேல் அகலமோ 2,000 ராத்தலுக்கு மேல் எடையோ உள்ள வண்டிகளுக்குப் புதிய பதிவு மறுக்கப்படலாயிற்று. சொந்தக்காரர் ஒப்புக்கொண்டது சிறு வண்டிக்கு. அவ்வனுமதியின் மேல் பெருவண்டி ஓடுவது வாக்குப் பிறழ்வதாகும்.

முடிவு

பிறர் நிலத்தில் பெறும் வழி, உரிமையன்று. வருஷந்தோறும் புதுப்பிக்கவேண்டிய ஒரு நம்பிக்கை. அதைப் பெற விரும்புவோர், பயிரின் பருவத்தைக் கற்று, அதற்கேற்பத் தம் பருவத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். நிலம் உடையவரும் தமக்கு எது நஷ்டம், எந்தப் பாத்தியில் எந்த மாதத்தில் எவரும் நுழையலாகாது என்பதை வாய்விட்டுச் சொல்வது நலம். சொல்லாமல் சகித்துப் பின்னர் ஒரேயடியாக மூடுவதைவிட, முதலிலேயே எல்லை காட்டித் திறப்பது இருதிறத்தார்க்கும் உகந்தது. வெர்மான்ட் தடங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருப்பது இவ்விரு வழக்கங்களும் அங்கே பெரிதும் கைக்கொள்ளப்படுவதாலேயாம்.