புகையானுக்கு அடிக்கும் மருந்து எங்கே போய் ஒட்டுகிறது?

மூளையின் நரம்புச் செல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டிச் சேதி கொண்டுபோவது நரம்புக்கடத்தி. எதிர்க்கரையில் அதை வாங்கிக்கொள்ளும் புரதம் ஏற்பி. இப்படி ஒரு 'ஏற்கும் பொருள்' இருந்தாக வேண்டும் என்று 1905-இல் ஜான் லாங்லி எழுதியது, புகையிலையின் நிக்கோட்டினை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்துதான். அசிட்டைல்கோலின் என்ற கடத்தியின் ஏற்பிகளில் ஒரு வகைக்கு இன்றும் நிக்கோட்டினிக் என்றே பெயர்.

ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நிற்க, நடுவே ஒரு துளை: இதுதான் அந்த ஏற்பி. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் ஷட்டரைத் தூக்கியதும் வெள்ளாற்றுத் தண்ணீர் பாய்கிற மாதிரி, இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் பக்கவாட்டுக் குழிகளில் பொருந்தியதும் துளை திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. பிடி இறுக்கமானதல்ல, சில மில்லிநொடிகளில் நழுவிவிடும். நழுவியதை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனே வெட்டிப்போடும். திறந்த ஷட்டர் மூடினால்தான் அடுத்த சேதிக்கு இடம்.

பூச்சியின் மூளையும் இதே கடத்தியை நம்பித்தான் ஓடுகிறது. நெல்லில் புகையான் பூச்சி விழுந்தால் அடிக்கும் இமிடாக்ளோபிரிட் நேரே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நொதியால் அதை வெட்ட முடியாது. பூச்சி துடித்துச் சாகிறது. மனித ஏற்பியின் குழி சற்று வேறு மாதிரி என்பதால் அதில் அவ்வளவாக ஒட்டாது. (பல இடங்களில் புகையான் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது தனிக் கதை.)

மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் ஏற்பியை விட்டுவிட்டு நொதியையே முடக்குகின்றன. இதில் பூச்சி, மனிதன் என்ற பாகுபாடு கிடையாது. அசிட்டைல்கோலின் தேங்கி, எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்மணி சுருங்கும், நெஞ்சில் சளி கட்டும். இவை மஸ்கரினிக் என்ற இன்னொரு வகை ஏற்பியின் வேலை. ஆஸ்பத்திரியில் ஏற்றும் அட்ரோபின் அந்த ஏற்பியில் இடம்பிடித்து, அசிட்டைல்கோலின் வந்து உட்காராமல் அடைத்துக்கொள்கிறது. வாய்க்கால் கரையில் கேட்பாரற்று நிற்கும் ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபினும் அதன் பங்காளிகளும்தான். ஊமத்தங்காய் தின்றவர் பிதற்றுவது மூளையில் அதே ஏற்பிகள் அடைபடுவதால். ஆனால் தசையிலுள்ள நிக்கோட்டினிக் ஏற்பிகளுக்கு அட்ரோபின் உதவாது. மூச்சுத் தசை ஓய்ந்தால் வென்டிலேட்டர்தான் கதி.

அல்சைமர் நோய்க்குத் தரும் டோனெப்பெசில் மாத்திரையும் ஆர்கனோபாஸ்பேட் முடக்கும் அதே நொதியைத்தான் தடுக்கிறது, விட்டுவிடக்கூடிய பிடியோடு.

மருந்து அடித்தவருக்கு எச்சில் ஒழுகி மூச்சு இரைத்தால் 108-ஐ அழையுங்கள். நனைந்த உடுப்பைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.