விளக்கு அணைஞ்சா பெல்ட் சரியாயிடுச்சா?

இந்த எபிசோடுக்குக் காரணம் இருங்காட்டுக்கோட்டையில வேலை பார்க்கிற ஒரு லிசனர் அனுப்பின வாய்ஸ் நோட். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருக்கார். டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. ஸ்கேன் பண்ணிப் பார்த்தா, டிரைவர் சைடு சீட் பெல்ட் ப்ரீடென்ஷனர்ல ரெசிஸ்டன்ஸ் அதிகம்னு காட்டுது. "கோடை அழிச்சுடலாம், விளக்கு போயிடும்"னு கடையில சொல்றாங்களாம். அழிக்கலாமான்னு கேட்கிறார். 1998-ல சான்ட்ரோ வெளிவந்த ஊர்லேர்ந்தே இந்தக் கேள்வி வருதுன்னா, மத்தவங்களுக்கும் இருக்கும்.

ப்ரீடென்ஷனர்னா என்ன? நாம பெல்ட்டை எப்பவும் கொஞ்சம் தொளதொளன்னுதான் போடுறோம். வண்டி மோதின சில மில்லி செகண்டுக்குள்ள அந்தத் தொளதொளப்பை இழுத்து, நம்மை சீட்டோட ஒட்ட வைக்கிறதுதான் இதோட வேலை. மோட்டார் வெச்சு இழுக்க நேரம் பத்தாது. அதனால உள்ளே ஒரு சின்ன வெடிமருந்து இருக்கு. அதைப் பத்த வைக்க ஒரு மெல்லிய கம்பி. மெக்கானிக்குங்க இதை ஸ்குயிப்னு சொல்வாங்க. சாதாரணமா அதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 2 ஓம்ஸ். ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல கரண்ட், ரெண்டு மில்லி செகண்ட் போனாலே வெடிச்சுடும்.

ஒரு தடவைதான் வெடிக்கும். அதனால வெடிக்க வெச்சு டெஸ்ட் பண்ணவே முடியாது. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் என்ன செய்யுதுன்னா, வெடிக்க வைக்காத அளவுக்கு ரொம்பக் குறைஞ்ச கரண்டை அனுப்பி, "அந்தப் பக்கம் ரெண்டு ஓம்ஸ் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, சர்வருக்கு பிங் அடிக்கிற மாதிரி. பதில் வந்தா சர்வர் இருக்குன்னு அர்த்தம். அப்ளிகேஷன் ஒழுங்கா ஓடுதான்னு பிங்குக்குத் தெரியாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்ப ஃபால்ட்டுக்கு வருவோம். மொத்தமே ரெண்டு ஓம்ஸ் இருக்கிற சர்க்யூட்ல, ஒரு பின் கொஞ்சம் தளர்ந்து ஒரு ஓம் கூடினாலே கன்ட்ரோல் யூனிட் கத்த ஆரம்பிச்சுடும். இந்த ஒயரிங்கோட கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் கலர்ல இருக்கும். பக்கிள் பக்கம் ப்ரீடென்ஷனர் இருக்கிற கார்கள்ல அது சீட்டுக்கு அடியில வருது. சீட்டை முன்ன பின்ன தள்ளுறப்போ ஒயரும் கூடவே இழுபடும். வாட்டர் பாட்டில், குடை எல்லாம் அங்கதான் போய் மாட்டும். நம்ம ஊர்ல இன்னொண்ணும் சேர்த்துக்கணும்: வெள்ளம். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணியில நின்ன கார் எத்தனையோ. கார்ப்பெட் மேல காய்ஞ்ச மாதிரி தெரியும், அடியில இருக்கிற பின் பச்சை பூத்துப் போயிருக்கும்.

கண்டுபிடிக்கிற முறையில முதல் விஷயம் ஸ்கேனர். ஆன்லைன்ல வாங்குற சாதாரண புளூடூத் டாங்கிள்கள்ல பெரும்பாலானவை இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் சிஸ்டத்தைப் படிக்கிற ஸ்கேனர் வேணும். கோடு இப்பவும் இருக்கா, இல்ல எப்பவோ வந்து போனதாங்கிறதையும் அதுல பார்க்கணும். வந்து வந்து போகுதுன்னா கனெக்டர் மேலதான் முதல் சந்தேகம்.

அடுத்தது, தயவுசெஞ்சு மல்டிமீட்டரை எடுத்துக்கிட்டு ப்ரீடென்ஷனர் பின்ல வைக்காதீங்க. மீட்டர் தன் சொந்த கரண்டை அனுப்பித்தான் ஓம்ஸ் அளக்குது. அது எவ்வளவுன்னு தெரியாம வெடிமருந்துல வைக்கிறது விளையாட்டு இல்ல. முறையா செய்யறவங்க இக்னிஷனை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருப்பாங்க. பல கார்ல அது மூணு நிமிஷமாவது இருக்கும். கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ள இருக்கிற கெபாசிட்டர், பேட்டரி இல்லாமலே வெடிக்க வைக்கிற அளவு சார்ஜ் வெச்சிருக்கும், அதுக்காகத்தான் இந்தக் காத்திருப்பு. அப்புறம் ப்ரீடென்ஷனரைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ரெண்டு ஓம்ஸ் டம்மி லோடு மாட்டுவாங்க. கோடு போயிடுச்சுன்னா ஒயரிங் நல்லாயிருக்கு, ப்ரீடென்ஷனரோ அதோட கனெக்டரோதான் பிரச்சினை. போகலைன்னா ஒயரிங்லயோ கன்ட்ரோல் யூனிட்லயோ தேடணும். பாதியாப் பிரிச்சு பக் தேடுற அதே வித்தைதான்.

கனெக்டர் தளர்ந்திருந்தா சரியா உட்கார வெச்சு லாக் பண்ணினாலே பல நேரம் தீர்ந்துடும். பின் அரிச்சுப் போயிருந்தா கம்பெனி ஒயரிங் பீஸை மாத்தணும். முறுக்கி டேப் சுத்துறதெல்லாம் இங்க ஆகாது. ப்ரீடென்ஷனரே போயிருந்தா பெல்ட் அசெம்பிளியா மாத்தணும். செலவு வலிக்கும்தான். நம்ம லிசனருக்கு என் பதில்: கோடை அழிக்கலாம், ஆனா காரணத்தைச் சரி பண்ணின பிறகு. அதுவரைக்கும் அந்த பெல்ட்டும் ஏர்பேக்கும் வேலை செய்யும்னு நம்ப முடியாது.

இப்ப அந்த பிங் விஷயம். டெஸ்டுக்கு மாட்டின டம்மி லோடைக் கழட்டாம அப்படியே விட்டுட்டா? சில ரூபாய் ரெசிஸ்டர். கன்ட்ரோல் யூனிட்டுக்கு ரெண்டு ஓம்ஸ் கிடைச்சுடுது. விளக்கு அணைஞ்சுடும். ஆக்ஸிடென்ட்ல ப்ரீடென்ஷனர் வெடிச்ச காரை இப்படிச் "சரி" பண்ணி விக்கிற தில்லுமுல்லு உலகம் முழுக்க இருக்கு. எனக்கு இதுல கோபம் வர்றது விலையை ஏமாத்தினதுக்காக இல்ல. எச்சரிக்க இருந்த ஒரே விளக்கையும் பொய் சொல்ல வெச்சுட்டாங்க. அதனால பழைய கார் பார்க்கப் போனா, சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில செகண்ட் எரிஞ்சு அணையுதான்னு பாருங்க. எரியவே இல்லைன்னா விளக்கோட கனெக்‌ஷனையே யாரோ தொட்டிருக்கலாம். ஆனா ரெசிஸ்டர் போட்ட கார்ல விளக்கு ஒழுங்காத்தான் நடந்துக்கும். அதனால பெல்ட்டை முழுசா இழுத்து விடுங்க. சிக்குதா, திரும்பச் சுருளுதா? பக்கிள் ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருக்கா? சந்தேகம்னா நடுத்தூண் கவரைக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. விக்கிறவர் முகம் மாறினா அதுவும் ஒரு டயக்னாஸ்டிக்தான்.

யாரும் ஏமாத்தாமலே விளக்குக்குத் தெரியாம போற கேஸும் உண்டு. 2022-ல அமெரிக்காவுல ஹூண்டாய் சுமார் 2,39,000 ஆக்சென்ட், எலான்ட்ரா கார்களைத் திரும்ப அழைச்சது. வெடிக்கிறப்போ ப்ரீடென்ஷனரே சிதறலாம்ங்கிறது பிரச்சினை. ஓம்ஸ் எல்லாம் சரியா இருந்தாலும் இது நடக்கும். 2023 ஜனவரியில மாருதி 17,362 கார்களை அழைச்சது. அங்க சந்தேகம் ஏர்பேக் கன்ட்ரோலர் மேலயே. மோதினப்போ ஏர்பேக்கும் ப்ரீடென்ஷனரும் வேலை செய்யாம போகலாம்னு சொல்லி, அதை மாத்துற வரைக்கும் வண்டியை ஓட்டாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. பரிசோதகரே சந்தேகத்துக்குரியவர்!

உங்க கார் இப்படி ஏதாவது லிஸ்ட்ல இருக்கான்னு கார் கம்பெனி வெப்சைட்டுல சேஸிஸ் நம்பர் போட்டுப் பாருங்க, இல்ல சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. நம்பர் ஆர்சி புக்லயே இருக்கு. ரீகால் வேலைக்குக் காசு வாங்க மாட்டாங்க. நீங்க ரெண்டாவது ஓனரா இருந்தா, கம்பெனி அனுப்பின தகவல் முதல் ஓனர் நம்பருக்கே போயிருக்கலாம். அதையும் மாத்தி வெச்சுடுங்க.